சம்ப் கழற்றும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கராஜ்களில் வேலை பழகுகிற, வேலை செய்கிற, சொந்தமாகக் கராஜ் நடத்துகிற தம்பிமார் எல்லாருக்கும்,



போன மாதம் ஒரு ஒழுங்கை முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு சின்னக் கராஜில் நடந்த வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் வானுக்குக் கீழே மல்லாந்து படுத்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நல்ல கை. நட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றிக்கொண்டு போகாமல் அங்கொன்று இங்கொன்றாக மாறி மாறி இளக்கினார். எதிரெதிர் மூலைகளில் இரண்டை மட்டும் நாலு புரி பிடிக்க விட்டுவிட்டு, உள்ளங்கையால் சம்ப்பைத் தாங்கிக்கொண்டு, றபர் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். ஒட்டியிருந்த காஸ்கற் விட்டுக்கொடுத்தது. ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பவில்லை. எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

பிறகு அவர் எழும்பி, வடித்த ஒயில் இருந்த தாச்சியைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போனார். கிளுவை வேலி. கதியால்களின் அடியில் அப்படியே ஊற்றினார். கறுத்த ஒயில் செம்மண்ணின் மேல் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிற்று. வேலிக்கு அங்கால் ஒரு கிணறு. அதன் கட்டில் ஒரு அம்மா குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வந்த பிறகு நித்திரை வரவில்லை. ஏனென்றால் நாற்பது வருடத்துக்கு முன்னர், வேலை பழகின காலத்தில், அதே மாதிரி ஒரு வேலியடியில் அதே மாதிரி ஒரு தாச்சியோடு நானும் நின்றிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றிக் கதைப்போம்.

எங்கள் ஊரில் சம்ப்புக்கு ஆயுள் குறைவு. பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் தீவுப்பக்கம் போய்வருகிற வாகனத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்புக் காற்று. தகட்டுச் சம்ப் முதலில் கொப்பளிக்கும், பிறகு பெயின்ற் உரியும், பிறகு ஒருநாள் காலையில் வாகனம் நின்ற இடத்தில் காசு அளவில் ஒரு கறுத்த வட்டம் கிடக்கும். உள்ளூர் ஒழுங்கைகளில் நிலத்துக்குமேல் தலைநீட்டிக்கொண்டிருக்கிற சுண்ணாம்புக்கல்லில் அடிபட்டு நெளிந்த சம்ப்புகளும் உண்டு. சம்ப்பின் அடி உள்ளே நெளிந்தால் ஒயிலை உறிஞ்சுகிற ஸ்ரெயினரின் வாய் அடைபடும். ஒயில் நிறைய இருந்தும் எஞ்சின் ஒயிலுக்குத் தவிக்கும். வெளியில் ஒரு சொட்டும் ஒழுகாததால் சொந்தக்காரர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். ஒயில் லைற் எரிந்துவிட்டது என்று வந்து நிற்பார்.

இந்த வேலையில் கொழுத்த நட்டமெல்லாம் அவசரத்தால் வருகிறது. வாகனத்தை ஜக்கில் மட்டும் நிறுத்திக்கொண்டு கீழே போகாதீர்கள். ஸ்ராண்ட் இல்லையென்றால் வேலையை நாளைக்கு வையுங்கள். எஞ்சின் மெல்லிய சூட்டில் இருக்கும்போது ஒயிலை வடியவிடுங்கள். ஆறிப்போன ஒயில் அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டு வரும், கொதிக்கிற ஒயில் கையைச் சுட்டுவிடும். அரை மணித்தியாலம் வடியட்டும். அதற்குள் நட்டுகளைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பித் தூரிகையால் தட்டிவிடுங்கள். சில வாகனங்களில் குறுக்குச் சட்டம் சம்ப்பை வெளியே எடுக்க விடாது. எஞ்சின் மவுண்டை இளக்கி எஞ்சினை ஒரு அங்குலம் தூக்கினால்தான் வரும். அப்போது பலத்தால் இழுக்கிறவன் ஒயில் பம்ப்பின் குழாயை வளைத்துவிடுவான். மெசி பேர்கசன் போன்ற உழவு இயந்திரத்தில் சம்ப் வார்ப்பிரும்பு. தகட்டுச் சம்ப் என்று நினைத்துக் கையால் தாங்கப் போகாதீர்கள், கீழே கட்டை கொடுத்துத்தான் இறக்கவேண்டும்.

கழற்றிய சம்ப்பை உடனே கழுவிவிடுகிற பழக்கம் பலரிடம் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். சம்ப்பை வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள். எஞ்சின் வாய்திறந்து சொல்லாததெல்லாம் அடியில் படிந்திருக்கும். விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேயுங்கள். செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயரிங் தேய்ந்து தன் உள்பூச்சைக் காட்டத் தொடங்கிவிட்டது. வெள்ளித்தூள் மாதிரி இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்ரன். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. பால்விட்ட கோப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் காஸ்கற்றைப் பாருங்கள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பாருங்கள். பெற்றோல் மணந்தால் மேலே ஏதோ எரியாமல் கீழே இறங்குகிறது.

இந்தக் கடைசி விசயத்தை நான் படித்தது தொழில்நுட்பக் கல்லூரியில் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில்.

1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியபோது உங்களில் பலர் பிறந்திருக்கவில்லை. பெற்றோல் வரவில்லை, டீசல் வரவில்லை, பற்றறி வரவில்லை, உதிரிப்பாகம் வரவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் கார் ஓடிற்று. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட். அம்பதுகளில் வந்த அந்தப் பழைய எஞ்சின்களுக்கு அமுக்கம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டன. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைவிட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊர் முழுக்க வெள்ளைப் புகையும் அந்த மணமும். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போனதும் அதில்தான், கலியாணத்துக்கு மாப்பிள்ளை போனதும் அதில்தான்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிஞ்சினது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிச் சம்ப்புக்குள் இறங்கும். ஒரு கிழமை ஓடின பிறகு டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். அனுபவமில்லாதவன் அதைப் பார்த்துச் சந்தோசப்படுவான். அந்த ஒயிலை விரலில் எடுத்தால் தண்ணீர் மாதிரி ஓடும். அப்படி ஓடின எஞ்சின்களின் பெயரிங்குகளைத்தான் நாங்கள் மாதத்துக்கு மாதம் சம்ப் கழற்றிப் பார்த்தோம்.

காஸ்கற் கடையில் கிடையாது. பழைய எஞ்சின்களுக்குக் கோர்க்கில் வரவேண்டிய காஸ்கற்றை நாங்கள் பெட்டி மட்டையில் வெட்டினோம். மட்டையைச் சம்ப்பின் விளிம்பில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போடு விளிம்பாக மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால் இரும்பின் ஓரமே மட்டையை வெட்டிக்கொடுக்கும். நட்டு ஓட்டைகளுக்குப் பெயரிங் குண்டை வைத்து ஒரு தட்டு. பிறகு ஒரு இரவு ஒயிலில் ஊறவிட்டுப் பூட்டுவோம். அந்த மட்டைக் காஸ்கற் ஒழுகாமல் மாதக்கணக்கில் நின்றது. அதற்குக் காரணம் மட்டை அல்ல. விளிம்பை நேராக்குவதற்கு நாங்கள் செலவழித்த நேரம். இறுக்கி இறுக்கி ஓட்டையைச் சுற்றிக் குழிந்துபோன தகட்டைக் குப்புறக் கட்டையில் வைத்துத் தட்டி மட்டமாக்காமல் ஒருநாளும் பூட்டமாட்டோம்.

உங்கள் கையில் இன்றைக்குச் சிலிக்கன் ரியூப் இருக்கிறது. நல்ல சாமான். ஆனால் நெளிந்த விளிம்பை அது மறைக்குமே தவிரத் திருத்தாது. 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே கோடாக, நட்டு ஓட்டையின் உட்பக்கத்தால் சுற்றிக் கொண்டுவாருங்கள். கூடுதலாகப் பூசினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கினது காய்ந்து உடைந்து, நெளிந்த புழு மாதிரி ஸ்ரெயினரில் போய் ஒட்டும். நான் கழற்றின ஒரு டீசல் எஞ்சினில் வலை முழுக்க நீலச் சிலிக்கன். பிடிபட்டுப்போன அந்த எஞ்சினைத் திருத்த ஒரு குடும்பம் நகை அடைவு வைத்தது. சின்னச் சம்ப் நட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீற்றர் வரைதான் பெரும்பாலும் வேண்டும். அது மணிக்கட்டின் பலம், தோளின் பலம் அல்ல. நடுவில் தொடங்கி வெளியே மாறி மாறி இறுக்குங்கள். வடிநட்டுக்குப் புது வொஷர் போடுங்கள். சிலிக்கன் காய்வதற்கு ரியூப்பில் எழுதியிருக்கிற நேரத்தைக் குடுங்கள். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் தேத்தண்ணி வாங்கிக் குடுங்கள்.

சரி. இனித் தாச்சிக்கு வருகிறேன்.

தடைக் காலத்தில் ஒரு துளி ஒயில் மண்ணில் விழுந்ததை நான் காணவில்லை. சம்ப்பைக் கவிட்டு வைத்துக் கடைசித் துளி வரைக்கும் எடுப்போம். போத்தல்களில் விட்டு நாட்கணக்கில் தெளியவைத்து, மேலாக வடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றினோம். அது எஞ்சினுக்கு நல்லதில்லை, தேய்ந்த ஒயிலைத் துணி புதிதாக்காது, அதை நீங்கள் செய்யவேண்டாம். ஆனால் அன்றைக்கு அதற்கு இருந்த மதிப்பைச் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நான் சைக்கிள் கரியரில் ஸ்பனர் பையையும் வடித்தெடுத்த ஒயில் கான் ஒன்றையும் கட்டிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலம் கடந்தேன். விட்டுவிட்டு வந்த சாமான்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அந்தக் கானை விட மனம் வரவில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. ஒயில் வந்தது. 2009 இல் சண்டை முடிந்த பிறகு லீசிங்கில் வாகனமும் வந்து குவிந்தது. ஒழுங்கைக்கு ஒரு கராஜ் முளைத்தது. ஒயில் மலிந்ததும் பழைய ஒயிலின் மதிப்புப் போயிற்று. எந்தக் கைகள் ஒரு துளியைச் சிந்தாமல் காத்தனவோ அதே கைகள் தாச்சியோடு வேலிக்குப் போயின. எங்கள் தலைமுறை செய்த பிழை இது. நாங்கள் செய்ததைப் பார்த்துத்தான் நீங்கள் செய்கிறீர்கள்.

தம்பிமாரே, கொழும்பில் ஒயிலை மண்ணில் ஊற்றினாலும் பிழைதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஊற்றுவது வேறு கணக்கு. எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரிக்கு ஓடி மாரியோடு நின்றுவிடும். நாங்கள் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் காலுக்குக் கீழே இருக்கிற தண்ணீர். அந்தத் தண்ணீர் இருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள். வலிகாமத்தில் சில வளவுகளில் மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்த முதலே கல்லில் முட்டும். அந்தக் கல் திடமான பாறை அல்ல. வெடிப்பும் பொந்தும் குகையுமாக, மழைத்தண்ணீர் இலட்சக்கணக்கான வருடமாக அரித்து வைத்த வழிகள். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்நாட்டில் பெய்த மழை கல்லுக்குள்ளால் நடந்துபோய்க் கடற்கரையில் தலைகாட்டுகிறது. மழைத்தண்ணீர் நடக்கிற வழியால் ஒயிலும் நடக்கும். தடித்த மண் படை இருக்கிற ஊரில் மண் கொஞ்சமாவது பிடித்து வைக்கும். இங்கே பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

அதோடு எங்கள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிற ஒரு படை. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கெட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கலாம் என்ற கதை இங்கே இல்லை. ஒயில் தண்ணீருக்கு மேலே மிதக்கும். வாளி முதலில் தொடுவதும் அந்த மேல்தண்ணீரைத்தான்.

சுன்னாகத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. சமைக்க முடியவில்லை, குளித்தால் மணம் போகவில்லை. கிணற்றைக் கட்டிக் காத்த குடும்பங்கள் தண்ணீர்ப் பவுசருக்காக வாசலில் வாளி வைத்துக் காத்திருந்தன. அது கராஜ் ஒயில் அல்ல, அனல் மின் நிலையத்தின் கழிவு. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொல்லி நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கின்போது நாங்கள் எல்லாரும் நிறுவனத்தைத் திட்டினோம். திட்டினது சரி. ஆனால் திட்டிவிட்டு வந்து தாச்சியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போன எத்தனையோ கராஜ்காரரை நானே என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் காருக்கு 3, 4 லீற்றர், டீசல் வானுக்கு 6, 7 லீற்றர். நாளுக்கு இரண்டு கார், ஒவ்வொன்றிலும் 4 லீற்றர் என்று வைத்தால் 25 நாளில் 200 லீற்றர். ஒரு கராஜுக்கு மாதம் ஒரு பரல். ஒரு வாகனத்தில் ஒருமுறை மாற்றுகிற ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. பத்து இலட்சம் கலன் என்றால் உங்கள் ஒழுங்கையில் இருக்கிற கிணறுகளையெல்லாம் சேர்த்தாலும் காணாது.

பழைய ஒயிலும் புது ஒயிலும் ஒன்றல்ல. எஞ்சினுக்குள் ஓடினது எரிபொருளின் கரியையும் தேய்ந்த உலோகத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. தோலில் கிடந்தால் காலப்போக்கில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாமான்கள் அதில் இருக்கின்றன. என் தலைமுறை வெறுங்கையால் அளைந்தது, மண்ணெண்ணெயில் கை கழுவிற்று. நீங்கள் கையுறை போடுங்கள், சவர்க்காரத்தில் கழுவுங்கள். பனங்கப்புக்குக் கறையான் பிடிக்காமல் பழைய ஒயில் பூசுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. அதையும் விடச்சொல்லித்தான் கேட்பேன். மழையில் கழுவுப்படுகிற கப்பும் கிணற்றுப் பக்கம்தானே நிற்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். செய்ய ஏலாத காரியம் ஒன்றும் இல்லை. மூடியுள்ள ஒரு பரல் வாங்குங்கள். சீமெந்துத் தரையில், மழை படாத கூரையின் கீழே, கிணற்றுக்குத் தூரமாக வையுங்கள். பரலைச் சுற்றி ஒரு கல் உயரத்துக்கு வரம்பு கட்டுங்கள், சிந்தினால் அதற்குள் நிற்கட்டும். பில்ரரைக் கவிட்டு வைத்து ஒரு இரவு வடியவிட்டுப் பிறகு எடுங்கள். சம்ப் கழுவின மண்ணெண்ணெயையும் அதே பரலுக்குள் விடாமல் வேறு கானில் வையுங்கள். ஒயில் சிந்தினால் தண்ணீர் அடித்துக் கழுவவேண்டாம். மரத்தூளைப் போட்டுக் கூட்டி அள்ளுங்கள். பரல் நிறைந்ததும் அனுமதி பெற்று வாங்கிச் செல்கிறவர்களிடம் மட்டும் குடுங்கள். பழைய ஒயிலைச் சீமெந்துச் சூளையின் பெரும் வெப்பத்தில் எரித்து அழிக்கிற வழி புத்தளத்தில் இருக்கிறது. தனியாக ஒரு கராஜுக்கு லொறி வராது என்றால் பத்துக் கராஜ் சேர்ந்து கூப்பிடுங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது, மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது, பிரதேச சபை இருக்கிறது. அவர்கள் வந்து பிடிப்பார்கள் என்பதற்காகச் செய்யச்சொல்லவில்லை. அவர்களிடம் நீங்களாகப் போய், எங்கள் பகுதிக்கு ஒரு சேகரிப்பு இடம் தாருங்கள் என்று கேட்கச்சொல்கிறேன். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

வாகனச் சொந்தக்காரருக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லலாம். பழைய ஒயிலைப் பத்திரமாக எடுத்து வைப்பதற்கு நூறு ரூபா கூடக் கேட்டால் குடுக்காத ஆள் இங்கே குறைவு. கேட்காததால்தான் குடுக்கவில்லை.

தாளையடியில் கடல்நீரைக் குடிதண்ணீராக்குகிற நிலையத்தை 2024 இல் திறந்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கடலை வடிகட்டிக் குடிக்கவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம். வீட்டுக் கிணற்றில் சும்மா கிடைக்கிற தண்ணீரின் பெறுமதியை இதைவிட வடிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்துவிட்டு வருகிற தம்பிமாரே, உங்களுக்கு இதெல்லாம் பாடத்தில் வந்திருக்கும். நீங்கள் வேலைக்குச் சேருகிற கராஜில் பரல் இல்லையென்றால் முதல் கிழமையிலேயே முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். அண்ணை, ஒயிலை எங்கே ஊற்றுறது என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியை நான் 1985 இல் கேட்டிருக்கவேண்டும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மழை விழுந்தால் வேலியடியில் ஊறிக் கிடக்கிறதெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். அதற்கு முதல் கராஜின் பின்பக்கத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கள். கறுத்துக் கிடக்கிற மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டிக் கூரைக்குக் கீழே வையுங்கள். பரலுக்கு மூடி போடுங்கள்.

அன்புடன்,
வலிகாமத்திலிருந்து
ஒரு பழைய மெக்கானிக்